என் தகப்பனார் பெயரில் ஒரு பூட்டு

1

நான் பணம் அனுப்பி, என் அப்பா பெயர் வெட்டிச் செய்த இரும்புக் கதவு ஒன்று இப்போது எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நிற்கிறது. அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தது ஒரு மாசி மாதத்தில். இந்த வருஷம் அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை கதவைப் பிரதிஷ்டை செய்யப்போகிறோம், ஆக்லாந்தில் இருந்தபடியே செல்போன் வழியாக நீங்கள் பத்து நிமிஷம் தேவசெய்தி கொடுக்க வேண்டும் என்று சபைச் செயலாளர் செல்லையா சார் கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: உண்மையுள்ள ஊழியக்காரன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பைபிள் காலேஜ் வாசலைக்கூட மிதித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு லாரியில் கிளீனராக ஏறினவன். டிரைவராகி, துபாய் போய், அங்கிருந்து நியூசிலாந்து வந்து இன்று டவுன் பஸ் ஓட்டுகிறேன். வேதம் வாசித்ததெல்லாம் பஸ்ஸை நிறுத்திவிட்டு அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான். அப்படிப்பட்டவனைச் சொந்த சபையே பேசக் கூப்பிட்டால் சும்மாவா இருக்கும்? அன்றைக்கு இறங்கிப்போன பயணிகளுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு நன்றி சொன்னேன். இங்கே வழக்கமாக அவர்கள்தான் டிரைவருக்கு நன்றி சொல்லி இறங்குவார்கள். "இன்றைக்கு உனக்குப் பிறந்தநாளா?" என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இன்று இதை எழுதுவது கோபத்தில். ஊரில் இருக்கும் நீங்கள் வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டும் உரிமை எனக்கு உங்களிடம்தானே உண்டு?

2

வெளியூர்க்காரர்கள் யாராவது வாசித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் உள்ளடங்கி இருக்கிறது. கிறிஸ்தவர்களான நாங்களும் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. பருப்புகூட அதில் வேகாது. கோயில் வளாகத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதைத் தோண்டிய பஞ்ச காலத்தில் எங்கள் சபையில் ஆம்பிளைகள் கொஞ்சப் பேர்தான். ஊரே இறங்கித் தோண்டியது. கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிற கையும் வீரசோழன் ஊரிலிருந்து கல் உடைக்க வந்த பாய்மார் கையும் எங்கள் கையோடு சேர்ந்து அந்தக் குழிக்குள் மண் அள்ளியது. அப்பா கடைசி வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "தண்ணி கண்டதும் அவுக குலவை போட்டாக, நாங்க அல்லேலூயா சொன்னோம். எது முதல்ல கேட்டுச்சுன்னு ஆண்டவருக்குத்தாம்பா தெரியும்."

அப்பா அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. பெருக்குவது, பாய் விரிப்பது, விளக்குப் போடுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. காலை ஐந்து மணிக்கு முதல் மணி. எங்களுக்கு அது ஜெப மணி, ஊருக்கு அது தண்ணி மணி. மணிச் சத்தம் கேட்டதும் பொம்பளைகள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பின்னால் மோட்டார் வந்தது, குழாய் வந்தது, மணி மாறவில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை என் கூடப்பிறந்த எஸ்தர் அக்காவுக்கு வந்தது. மாமா இறந்துபோய் தனியாக நின்றவளுக்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கவும் இடம் கிடைத்தது.

ஊரில் காலை ஐந்து என்றால் எனக்கு இங்கே மத்தியானம் பன்னிரண்டரை, சாப்பாட்டு இடைவேளை. டிப்போவில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போடுவேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றை இழுப்பாள். முதலில் மணி கேட்கும், அப்புறம் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம், அதற்கும் மேலே முத்துலட்சுமியின் குரல். ஒவ்வொரு நாளும் ஒருத்தியை வம்புக்கு இழுக்காவிட்டால் முத்துலட்சுமிக்குக் குடம் நிறையாது. "என்னத்தா, கல்யாண வீட்டுக்கா வந்துருக்க, இம்புட்டுப் பூவு?" என்பாள். நான் இங்கே வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிப்பேன். பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிடும் ஃபிஜிக்காரன் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டி வெகுநாளாகிறது.

அன்றைக்கு மணி கேட்டது. குடச் சத்தம் கேட்கவில்லை.

"என்னக்கா, யாரையும் காணோம்?"

"இருக்காக. வெளிய நிக்கிறாக."

"ஏன் வெளிய நிக்கிறாக?"

"நீ பணம் அனுப்புன கதவு வந்துருச்சுல்ல தம்பி. பூட்டு போட்டுட்டாக. சபையாருக்கு மட்டுந்தான் தண்ணியாம்."

டப்பாவை மூடிவிட்டேன்.

3

இந்த இடத்தில் இங்கே நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் என் கோபத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது.

ஆக்லாந்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பழைய வெள்ளைக்காரச் சபையின் ஹாலில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். போன வருஷம் அன்பின் விருந்துக்கு அங்கே பிரியாணி போட்டோம். மறுவாரம் அவர்கள் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். மசாலா வாசனை திரைச்சீலையில் ஏறிவிட்டதாம், போகவில்லையாம். சாவி வேண்டுமென்றால் பாதுகாப்புப் பயிற்சி, உணவுச் சான்றிதழ், ஆபத்து மதிப்பீடு என்று படிவத்துக்கு மேல் படிவம். வெந்நீர் போட எதற்கு ஆபத்து மதிப்பீடு என்று நான் கேட்டேன். "வெந்நீர்தான் ஆபத்து" என்று படிவம் கொடுத்த அம்மாள் சிரிக்காமல் சொன்னாள். கைக்குழந்தைக்காரிகள் பிளாஸ்கில் வெந்நீர் சுமந்து வந்தார்கள். ஜெபம் பண்ண இடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பூட்டி வைத்தால் அந்த இடம் யாருடைய வீடு? அவமானமாக இருந்தது. வேண்டாத விருந்தாளியை வாசலோடு பேசி அனுப்புவது போல இருந்தது.

இந்தச் செய்தி ஊருக்குப் போனதும் நம் சபை என்ன செய்தது தெரியுமா? உபவாச ஜெபம் வைத்தது. பரதேசத்தில் நம் பிள்ளைகளுக்கு அடைபட்ட கதவு திறக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார்கள். அந்த ஜெபத்தை முன்னின்று நடத்தியவர் செல்லையா சார். கண்ணீரோடு ஜெபித்ததைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பியும் வைத்தார். நானும் கேட்டு அழுதேன்.

அதே செல்லையா சார்தான் இப்போது பூட்டியிருக்கிறார்.

4

போன் போட்டேன். சண்டை போடுவதற்கென்றே போட்டேன், ஒளிக்கவில்லை.

"ஸ்தோத்திரம் பிரதர்! செய்தி ரெடியா?" என்றார் செல்லையா சார்.

"சார், கிணத்த ஏன் பூட்டுனீங்க?"

"கிணத்த எங்க பூட்டுனோம்? கேட்டத்தான பூட்டுனோம். கேட்டுன்னா பூட்டத்தான் செய்வாக."

"ஊரு பொம்பளைங்க தண்ணிக்கு எங்க போவாக?"

"அருப்புக்கோட்டையில இருந்து வண்டி வருதுல்ல. குடம் குடமா விக்கிறான். வாங்கிக்கட்டும். பிரதர், நீங்க அங்கிட்டு உக்காந்து பேசுறது ஈசி. பிரதிஷ்டை பண்ணுன எடத்துல வந்து வெத்தலையத் துப்புறாக. ஞாயித்துக்கெழம ஜெபம் நடக்கும்போது கொடத்துக்கு அடிச்சிக்கிறாக. போதாததுக்கு, தண்ணியக் குடுத்து மதம் மாத்துறானுகன்னு எவனாவது வீடியோ எடுத்துப் போட்டா யாரு ஸ்டேஷனுக்குப் போறது? நீங்களா வருவீக?"

அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நாட்டில் இன்று நடப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அந்தத் தண்ணியக் குடிச்சவுகல்லாம் மாறியிருந்தா இந்நேரம் நம்ம கோயில்ல பாய் விரிக்க எடம் இருக்காதே சார். இத்தன வருஷமாக் குடிக்கிறாக, முத்துலட்சுமி இன்னும் கருப்பசாமிக்குத்தான பொங்கல் வைக்கிறா?"

"கிண்டல் பண்ணாதீக பிரதர். கமிட்டி முடிவு. ஒங்க அக்கா கிட்டயும் சொல்லிட்டோம். சபையார் தவிர வேற ஆளுக்குத் தொறந்தாக்க வேலையும் கெடையாது, ரூமும் கெடையாது. நீங்களும் எடுத்துச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கதவு திறப்பதுதான் பாதி வேலை. குடித்துவிட்டு வருகிறவனுக்கும் திறக்கிறேன், போன வாரம் என்னை ஏசியவனுக்கும் திறக்கிறேன், சக்கர நாற்காலி வந்தால் பஸ்ஸைத் தாழ்த்திப் பலகை போட்டுத் திறக்கிறேன். கடவுள் பெயரே சொல்லாத ஒரு பஸ் கம்பெனியில் இதுதான் ஒழுங்கு. பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் நிற்கிற இடத்தில் பூட்டு.

5

அந்த வாரம் முழுக்க ஆதியாகமத்தில் ஈசாக்கின் கிணறுகளையே வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பா ஆபிரகாமின் வேலைக்காரர்கள் தோண்டிய கிணறுகளை, அயல் ஜனமான பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். ஈசாக்கு போய் மறுபடி தோண்டுகிறான். தண்ணீர் வந்ததும், இது எங்களுடையது என்று மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவன் நகர்ந்துபோய் வேறொன்று தோண்டுகிறான். அதற்கும் சண்டை. கடைசியில் யாரும் சண்டை போடாத ஒரு கிணறு கிடைக்கிறது. அப்போதுதான், கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்று அதற்குப் பெயர் வைக்கிறான்.

இந்தப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் நாம்தான் ஈசாக்கு. மண்ணைப் போடுகிறவன் எப்போதும் வேறு எவனோ, பக்கத்து வீட்டுக்காரனோ, ஆபீஸ் மேனேஜரோ, அரசாங்கமோ. நாமே பெலிஸ்தராக இருக்கலாம் என்று ஒரு பிரசங்கியாராவது சொன்னாரா? நானும் எங்கள் ஐக்கியத்தில் சமையலறை பூட்டின வாரம் இதையே பேசி, ஈசாக்காக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன்தான். பெலிஸ்தன் கூடையில் மண் கொண்டுவந்தான். நான் இரும்புக் கதவு கொண்டுவந்தேன். அதிலும் அவன் தூர்த்தது அடுத்தவனுடைய அப்பன் கிணற்றை. என் அப்பா இறங்கித் தோண்டியதை அவர் பெயராலேயே நான் அடைத்திருக்கிறேன்.

வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மகன் ஜோயல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். அவன் ஐக்கியத்துக்கு வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. என்ன காரணம் என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். தமிழும் இப்போதெல்லாம் பாதிதான் வருகிறது.

"அந்த வெல்லை யாருப்பா டிக் பண்ணாங்க?"

"ஊரெல்லாம் சேந்து தோண்டுனதுடா."

"அப்போ அது எல்லாருக்கும்தானே. இதுல டிஸ்கஸ் பண்ண என்ன இருக்கு?"

மறுபடி காதில் மாட்டிக்கொண்டான். இவன் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று நானும் மனைவியும் தினமும் முழங்காலில் நின்று கேட்கிறோம். அன்றைக்குப் பதில் வந்த மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

6

சேகரத்து ஐயாவிடமும் போனில் பேசினேன். பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான் குருவானவர், எங்கள் ஊருக்கு மாதத்துக்கு ஒரு முறை வருவார். நல்ல மனுஷர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். முடிவில் மெதுவாக, "ஜெபிப்போம் தம்பி" என்றார்.

ஜெபிப்போம்! ஆண்டவரே, உம்மோடு பேசுவதற்கென்று கொடுத்த வார்த்தையை நாங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம்! "முடியாது" என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் ஜெபிப்போம் என்கிறான். பணக்கார மூப்பரைப் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்கவும் அதுதான் வழி. வாசலில் குடத்தோடு நிற்கிறவளிடம் ஜெபிப்போம் என்று சொல்லி அனுப்பினால் அவள் எதைக் கொண்டு உலை வைப்பாள்?

மறுநாள் மத்தியானம் அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திரு என்றேன். நான் பேசும்போது எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்கிறேன், அதற்குள் நீ திறந்து வேலையை விட்டுவிடாதே என்றேன்.

"நீ பேசுற வரைக்கும் அவுக தண்ணி குடிக்காம இருக்கணுமா?"

"அக்கா, ரூம காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவ?"

"அதத்தான் ராவெல்லாம் நெனச்சேன். பயமாத்தான் இருக்கு. இந்த வயசுல எவன் வீட்டு வாசல்ல போயி நிக்க? ஆனா மணி அடிக்கிறது நான்தான தம்பி. அடிச்சிக் கூப்புட்டுட்டு, வந்தவுகளப் பாத்துப் போங்கன்னு எப்படிச் சொல்ல? எனக்கு வாய் வரல."

"ஒன்னோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஏலே, நீ அங்கிட்டு இருந்து கோவப்படு. நான் இங்கிட்டுத் தொறக்குறேன்."

திறந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை வரை ஒவ்வொரு காலையும் திறந்தாள். என்னைவிட மூன்றே வயது மூத்தவள். சின்ன வயசில் அப்பாவின் மணிக்கயிற்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து தொங்கியிருக்கிறோம்.

7

ஞாயிறு வந்தது. எனக்குச் சாயங்காலம் ஐந்து, அங்கே காலை ஆராதனை. கோட்டு போட்டு, அப்பா படத்தைப் பின்னால் மாட்டி உட்கார்ந்தேன். திரையில் கோயில் நிறைய ஆட்கள் தெரிந்தார்கள். முதல் வரிசையில் ஐயா, பக்கத்தில் செல்லையா சார், சுவரோரம் அக்கா.

எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டேன். ஊழியக்காரனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மட்டும் சொன்னேன். "எஜமான் வெளியூர் போகும்போது வேலைக்காரன் கையில் வீட்டை ஒப்புவிக்கிறார். எதற்கு? ஏற்ற நேரத்தில் மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க. அதைச் செய்கிறவன்தான் உண்மையுள்ளவன். எஜமான் வர நாளாகும் என்று நினைத்துக் கூட இருக்கிறவர்களை அடிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். சாவி நம்முடையது இல்லை. எங்கப்பா உண்மையுள்ள ஊழியக்காரன். அவர் பெயரை வெட்டின கதவு ஊருக்குத் தண்ணீரை மறித்து நிற்குமானால் அந்தப் பெயரை இன்றைக்கே..."

திரை உறைந்துபோனது. வாயைத் திறந்தபடி நானே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் செய்தி வந்தது: சிக்னல் போச்சு பிரதர், கர்த்தர் உங்கள் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.

அன்று ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டேன். "சிக்னலு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "செல்லையா சாரு நெட்டு பொட்டி வயரப் புடுங்குனாரு. ஐயா குனிஞ்சு பாட்டுப் பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டாரு. ஆராதனை முடிஞ்சதும் எங்கிட்ட இருந்த சாவிய வாங்கிட்டாக." வேலை என்ன ஆகும் என்பதை அடுத்த கமிட்டியில் பேசப்போகிறார்களாம்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறக்கவே மனம் வரவில்லை. அக்காவே கூப்பிட்டாள். முதலில் மணி. அப்புறம், நான் நம்பவில்லை, குடச் சத்தம்.

"அக்கா, கேட்டு?"

"பூட்டித்தான் கெடக்கு. கல்லறைச் செடிக்குத் தண்ணி விடுற டியூப்பு இருக்குல்ல, அத மாட்டி கேட்டுக் கம்பி வழியா வெளிய விட்டுட்டேன். அப்பா பேருக்கு நேர் கீழ."

பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் பைக் வந்து நிற்கும் சத்தம். செல்லையா சாரின் குரல் தூரத்தில் கேட்டது: "யாரு தொறந்தது? சபையார் தவிர யாரும் உள்ள வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

உடனே முத்துலட்சுமி. "கண்ணத் தொறந்து பாருங்க சாரு. நாங்க ஒருத்தரும் உள்ள வரலையே. தண்ணிதான வெளிய வருது. அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டீகளா?"

பொம்பளைகள் சிரித்த சிரிப்பு எங்கள் டிப்போவரை கேட்டது. ஃபிஜிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

செல்லையா சார் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பைக் கிளம்பிப் போனது. கமிட்டி இன்னும் கூடவில்லை. கூடட்டும். என் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று ஜெபிக்கவும் போவதில்லை. அக்காவை வெளியே அனுப்பினால் நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன். வந்து, அப்பா பெயரை என் கையாலேயே அந்தக் கதவிலிருந்து சுரண்டி எடுப்பேன். கமிட்டியாரே, இதை வாசித்தீர்கள் அல்லவா, இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

அன்றைக்குப் போனை வைக்குமுன் அக்காவிடம் ஆவலாகக் கேட்டேன். "வயரப் புடுங்குறதுக்கு முன்னாடி நான் பேசுனேன்ல, ஜனங்க ஏதாச்சும் சொன்னாகளாக்கா? எப்படி இருந்துச்சாம்?"

"அப்பறம் சொல்றேன், வையி," என்றாள். "கொடம் நெறைஞ்சு வழியுது."